லாச்சப்பலிலிருந்து ஒளிப்பட நடை: தெரு, நீர்க்கரை, ரயில் தூரம்

பாரிசின் 10ஆம், 18ஆம் வட்டாரங்களில் ஏறக்குறையத் தெற்கு வடக்காக ஓடுகிறது ரூ பிலிப்-து-ஜிரார். ஆளி நாரை நூற்கும் இயந்திரத்தை 1810இல் உருவாக்கிய பிலிப் து ஜிராரின் பெயர் அதற்கு. நடுவில் அது புல்வார் து லா சப்பலைக் கடக்கிறது. தமிழர்கள் லாச்சப்பல் என்று சொல்லும் கடைத்தெருப் பகுதி அதன் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் ஒருவர் புறப்படுவதற்கு இதைவிட வசதியான இடம் பாரிசில் குறைவு. மேம்பால மெட்ரோ, கார் து நோர், கார் து லெஸ்ட் என்ற இரண்டு பெரிய ரயில் நிலையங்களின் தண்டவாளங்கள், கால்வாய், பழைய தேவாலயங்கள் எல்லாம் நடை தூரத்தில் உள்ளன. கார் து நோரில் ரயில் ஏறினால் அரசர்களின் கல்லறைகளும், ஓவியர் வான்கோ வரைந்த கோதுமை வயல்களும் அரை நாள் பயணத்துக்குள் வந்துவிடும்.

இந்த அத்தியாயம் அந்தப் பயணங்களை மூன்று சுற்றுகளாகப் பிரிக்கிறது. முதல் சுற்று தெரு, இரண்டாவது நீர்க்கரையும் குன்றும், மூன்றாவது ரயில் தூரம். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். வெளிச்சம் வரும் நேரத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும், இடத்தை அதற்குப் பிறகு. புகழ்பெற்ற இடத்துக்குத் தவறான நேரத்தில் போனால் தட்டையான படமே கிடைக்கும். தினமும் நடக்கும் தெருவுக்குச் சரியான நேரத்தில் போனால் நல்ல படம் கிடைக்கும்.

வெளிச்சக் கணக்கு

யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டிலோ பழகிய கண்ணுக்குப் பாரிசின் சூரியன் புதியது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஏறக்குறைய ஒரு மணி நேரமே கூடிக் குறையும். பாரிஸ் 49 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி இருப்பதால் இங்கே பகல் 8 மணி நேரத்திலிருந்து 16 மணி நேரம் வரை மாறுகிறது. மனத்தில் வைத்திருக்க வேண்டிய எண்கள் இவை:

- ஜூன் 21ஐ ஒட்டி: சூரிய உதயம் காலை 5.47, மறைவு இரவு 9.58. உதிப்பது வடகிழக்கில், மறைவது வடமேற்கில். உச்சியில் சூரியன் ஏறக்குறைய 65 பாகை உயரத்தில் நிற்கும்.
- டிசம்பர் 21ஐ ஒட்டி: உதயம் காலை 8.41, மறைவு மாலை 4.56. உதிப்பது தென்கிழக்கில், மறைவது தென்மேற்கில். நண்பகலிலும் சூரியன் 18 பாகைக்கு மேல் ஏறாது.
- சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் 12 மணிக்கு அல்ல. குளிர்கால நேரத்தில் சுமார் 12.50க்கும், கோடைகால நேரத்தில் சுமார் 1.50க்கும் வரும். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் மாற்றப்படும்.

இதிலிருந்து மூன்று பலன்கள் கிடைக்கின்றன. முதலாவது, மாலைப் பொன்வெளிச்சம் இங்கே நீடிக்கும். யாழ்ப்பாணத்தில் சூரியன் கடைசி 6 பாகையை ஏறக்குறைய 25 நிமிடத்தில் இறங்கிவிடும். பாரிசின் கோடையில் அதே இறக்கம் முக்கால் மணி நேரம் எடுக்கும். இரண்டாவது, சூரியன் மறைந்த பின் வானம் நீலமாக நிற்கும் பொழுதும் நீளமானது. தெரு விளக்கும் வானமும் சம வெளிச்சத்தில் இருக்கும் அந்த அரை மணி நேரமே கட்டடங்களை இரவுக் கோலத்தில் எடுக்கச் சிறந்தது. மூன்றாவது, குளிர்காலத்தில் வெயில் அடித்தால் நாள் முழுவதும் சாய்ந்த வெளிச்சம்தான். நண்பகலில் படம் எடுக்கக் கூடாது என்ற பழைய விதி டிசம்பர், ஜனவரி பாரிசுக்குப் பொருந்தாது.

பையில் இருக்க வேண்டியவை

1. கமரா அல்லது நல்ல கைபேசி ஒன்று போதும். மாற்றும் லென்ஸ் உள்ள கமராவானால் 35 அல்லது 50 மில்லிமீட்டர் ஒற்றை லென்ஸ் தெருவுக்கு ஏற்றது. தேவாலயங்களுக்கும் அகன்ற காட்சிகளுக்கும் 24 மில்லிமீட்டரை ஒட்டிய லென்ஸ் உதவும்.
2. மேலதிக பேட்டரி ஒன்று. குளிரில் பேட்டரி விரைவாகச் சோர்ந்துவிடும் என்பதால் அதை மேலங்கியின் உட்பையில், உடற்சூட்டில் வைக்க வேண்டும்.
3. மூடி இறுக்கக்கூடிய பிளாஸ்டிக் பை. குளிரிலிருந்து சூடான கடைக்குள்ளோ மெட்ரோவுக்குள்ளோ நுழைவதற்கு முன் கமராவை இதற்குள் போட்டு மூடினால் நீர்த்துளி பையின் வெளிப்புறத்தில் படியும், லென்ஸில் படியாது. உள்ளே போய் 20 நிமிடமாவது கழித்தே திறக்க வேண்டும்.
4. லென்ஸ் துடைக்கும் துணி, சிறிய குடை, விரல் நுனி திறக்கும் கையுறை.
5. தோளிலிருந்து குறுக்காக மாட்டும் பட்டை. கழுத்தில் தொங்கும் பட்டை கூட்டத்தில் பாதுகாப்பானதல்ல.

முக்காலியை முதல் சுற்றுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. நடைபாதையில் அது வழிமறிக்கும், கூட்டத்தில் காலில் இடறும். இரண்டாம் சுற்றின் நீர்க்கரை நீலப்பொழுதுக்கு மட்டும் எடுத்துச் செல்லலாம்.

புறப்படும் முன்

1. வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து அன்றைய நாளை வெயில், மேகம், மழை என ஒரு வகையில் சேர்க்க வேண்டும்.
2. சூரியன் செல்லும் திசையை வரைபடத்தில் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, போக விரும்பும் கட்டடத்தின் முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது, அதில் எப்போது வெயில் படும் என்று பார்க்க வேண்டும்.
3. வெயில் நாளில் முகப்புகளும் அகன்ற காட்சிகளும். மேக நாளில் முகங்கள், கடை உட்புறங்கள், பூ, காய்கறி, துணி. மழை நாளில் நனைந்த சாலையில் விழும் விளக்குகளின் பிரதிபலிப்பு.
4. ஒரு நடைக்கு ஒரே பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். தூண்கள், கடைப் பலகைகள், ரயில், கைகள் என ஏதாவது ஒன்று. பொருள் குறுகினால் கண் கூர்மையாகும்.
5. நினைவக அட்டையில் இடம், பேட்டரி அளவு, கமராவின் தேதி நேரம் மூன்றையும் சரிபார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

முதல் சுற்று: தெருவும் தண்டவாளமும்

லா சப்பல் 1860 வரை பாரிசுக்கு வெளியே இருந்த தனி ஊர். மொன்மார்த்தர், பெல்வில் குன்றுகளுக்கு இடையிலான கணவாயில் அமைந்தது. அந்தக் கணவாய் வழியாகவே பழைய சாலையும் பின்னர் ரயில் பாதைகளும் வடக்கே போயின. இந்தச் சுற்றில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை அந்தப் போக்குவரத்தின் கதையையே சொல்லும். நடையின் வரிசை:

1. கார் து நோர் முகப்பில் தொடங்குதல். கட்டடக் கலைஞர் ஹித்தோர்ஃப் வடிவமைத்து 1860களில் கட்டிய இந்த முகப்பில் 23 சிலைகள் உள்ளன. ரயில் இணைத்த நகரங்களைப் பெண்ணுருவங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். முகப்பு தெற்கைப் பார்ப்பதால் குளிர்காலத்தில் பகல் முழுவதும் வெயில் படும். கமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடம் பின்னால் விழுவதுபோலத் தெரியும். எதிர்ப்பக்க நடைபாதைக்குப் பின்வாங்கி, கமராவை நேராகப் பிடித்து எடுத்து, கீழே மிஞ்சும் தரையை வெட்டிவிடலாம்.

2. ரூ து ஃபோபூர் சென்-தெனி வழியாக மேலேறுதல். மளிகை, புடவை, நகைக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த பகுதி. ரூ பெர்தொனே, ரூ காய் போன்ற குறுக்குத் தெருக்களும் அப்படியே. மேக நாள் இங்கே வரம், ஏனென்றால் வெள்ளை வானம் நிழலை மென்மையாக்கி, துணியின் நிறத்தை உள்ளபடி காட்டும். அந்த வானத்தைப் படத்துக்குள் விடாமல் கண்மட்டத்துக்குக் கீழேயே சட்டகத்தை அமைக்க வேண்டும். கடைக்குள் எடுக்க விரும்பினால் முதலில் கடைக்காரரிடம் கேட்டு, ஏதாவது வாங்கி, வேலை குறைந்த பிற்பகலில் எடுப்பது மரியாதை.

3. புஃப் து நோர் அரங்கு. புல்வாரின் ஓரத்தில், மெட்ரோ நிலையத்துக்கு அருகே உள்ள இந்த அரங்கு 1876ஐச் சேர்ந்தது. பூட்டிக் கிடந்த இதை 1974இல் நாடக இயக்குநர் பீட்டர் புரூக் மீண்டும் திறந்தார். அவருடைய மகாபாரத நாடகம் 1985இல் அவிஞ்ஞோனில் அரங்கேறியபின் இங்கேயும் நடந்தது. வாசலும் எதிரே ஓடும் மேம்பாலமும் ஒரே படத்தில் வரும்படி நீலப்பொழுதில் எடுக்கலாம்.

4. மேம்பாலத்தின் கீழ். இரண்டாம் எண் மெட்ரோவின் மேம்பாலப் பகுதி 1903இல் திறக்கப்பட்டது. பர்பெஸ், லா சப்பல், ஸ்டாலின்கிராட், ஜோரெஸ் ஆகிய நான்கு நிலையங்கள் அதன்மேல் நிற்கின்றன. தூண்களின் அலங்காரம் ஃபோர்மிஜே என்ற கட்டடக் கலைஞருடையது. காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் தூண்களுக்கிடையே நீண்ட நிழல் வரிகளைப் போடும். தூண் வரிசையின் நடுவில் நின்று, கமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, ஒருவர் வெயில் பட்டைக்குள் வரும்வரை காத்திருந்து எடுப்பதே உத்தி. ஷட்டர் 1/250 நொடி, எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் நிழல் கறுத்து வெயில் பட்டை எழும்பி நிற்கும்.

5. மெட்ரோ சன்னலிலிருந்து. லா சப்பலில் ஏறிப் பர்பெஸ் பக்கம் போனால் கார் து நோரின் தண்டவாளங்களுக்கு மேலும், ஸ்டாலின்கிராட் பக்கம் போனால் கார் து லெஸ்டின் தண்டவாளங்களுக்கு மேலும் வண்டி கடக்கும். கண்ணாடியில் லென்ஸை ஒட்டிப் பிடித்தால் உள்விளக்கின் பிரதிபலிப்பு வராது. ஷட்டர் 1/500 அல்லது அதைவிட வேகமாக இருக்க வேண்டும்.

6. ரூ பிலிப்-து-ஜிராருக்குள் நடத்தல். தெற்கு வடக்காக ஓடும் குறுகிய தெருவில் காலையிலும் மாலையிலும் வெயில் ஒரு பக்கத்து மாடிகளில் மட்டுமே படும். சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில்தான் தெருவின் நீளத்துக்கு வெளிச்சம் இறங்கும். குளிர்கால வெயில் நாளில் 12.30க்கும் 1.15க்கும் இடையே வடக்கு முனைப்பக்கம் நின்று தெற்கே பார்த்தால் எதிரே வருகிறவர்களின் தலையும் தோளும் ஒளி விளிம்போடு தெரியும். முகத்தின் மீது ஃபோகஸை நிறுத்தி, எக்ஸ்போஷரை அரைப் படி கூட்ட வேண்டும்.

7. ரூ பஜோல். ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் இங்கே உள்ளது. 1985இல் தொடங்கிய இந்த ஆலயம் முன்பு ரூ பிலிப்-து-ஜிராரில் இருந்தது. சற்று வடக்கே பழைய ரயில்வே சரக்குக் கூடமான ஆல் பஜோல். ஃபிரான்சுவாஸ்-எலென் ஜூர்தாவின் வடிவமைப்பில் புதுப்பிக்கப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. நூலகம், இளைஞர் விடுதி, இரும்புக் கூரையின் கீழே தோட்டம், கூரையில் சூரியத் தகடுகள் என வடிவங்கள் நிறைந்த இடம். கூரைச் சட்டங்களின் நிழல் தரையில் விழும் வெயில் நாளே இதற்கு நல்லது.

8. பாலங்கள். ரூ து தெபார்த்மோன், ரூ ரிகே ஆகியவை கார் து லெஸ்டின் தண்டவாளங்களைப் பாலமாகக் கடக்கின்றன. மாலையில் தண்டவாள வரிகள் வெள்ளியாக மின்னும். எஃப் 8, வேலிக் கம்பிகளுக்கு இடையே லென்ஸ். கையையோ கமராவையோ வேலிக்கு வெளியே நீட்டக் கூடாது. காரணம் பாதுகாப்புப் பகுதியில் உள்ளது.

9. வடக்கே முடித்தல். 1885ஆம் ஆண்டின் இரும்புச் சட்டக மூடுசந்தையான மார்ஷே து லா சப்பலையும், ரூ து லா சப்பலில் உள்ள சென்-தெனி து லா சப்பல் தேவாலயத்தையும் பார்த்து நடையை முடிக்கலாம். இந்தத் தேவாலயத்தின் தொடக்கம் 13ஆம் நூற்றாண்டு. 1429 செப்டம்பரில் பாரிசைத் தாக்கப் போவதற்கு முன் ஜான் ஆஃப் ஆர்க் இங்கே வேண்டினார். உட்புறம் சிறியது, இருண்டது. தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு, 1/30 நொடியில் எடுக்கலாம்.

ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. தொடக்கக்காரருக்கு ஒரு நடைக்கு மூன்று இடங்கள் போதும்.

தேர்த் திருவிழா நாள்

மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாச்சப்பல் தெருக்களில் வலம் வருகிறது. ஆலயம் அறிவிக்கும் தேதியையும் வீதி வரிசையையும் முன்கூட்டியே பெற்று, இரண்டு இடங்களை மட்டும் தேர்ந்து நிற்க வேண்டும்.

1. தேர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கக்கூடிய மூலையைப் பிடிக்க வேண்டும்.
2. அதுவரை கிடைக்கும் நேரம் பொன்னானது. கோலம், தோரணம், கடை வாசலில் குவித்த தேங்காய், மாலை கட்டும் விரல்கள் எல்லாம் நின்று நிதானமாக எடுக்கக் கிடைக்கும்.
3. சிதறு தேங்காய்க்கு 1/1000 நொடி, தொடர்ச்சியாக எடுக்கும் முறை. கை உயரும்போதே பொத்தானை அழுத்தத் தொடங்க வேண்டும், ஓடு தரையில் பட்டபின் அழுத்தினால் பிந்திவிடும். தெறிக்கும் ஓடு கண்ணையும் லென்ஸையும் தாக்கும் என்பதால் ஐந்து மீட்டராவது விலகி, நீளமான லென்ஸால் எடுப்பது நல்லது.
4. காவடியாட்டத்துக்கு 1/500 நொடி. ஆட்டத்தின் சுழற்சியைக் காட்ட விரும்பினால் 1/30 நொடிக்கு இறக்கி, ஆடுபவரோடு கமராவையும் சேர்த்து அசைக்க வேண்டும்.
5. கற்பூரச் சட்டி ஏந்தி வருபவர்களை எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் சுடரின் வடிவம் தங்கும்.
6. கறுத்த முகமும் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் வந்தால் கமரா வேட்டியைப் பார்த்து முகத்தை இருட்டாக்கும். முகத்தில் அளவெடுத்து, வேட்டியின் மடிப்பு வெளிறிப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். ரா கோப்பாக எடுத்தால் பின்னர் சரிசெய்ய இடம் இருக்கும்.

குறிப்பு: தேர் வடம் இழுப்பவர்களின் வழியில் பின்னோக்கி நடந்தபடி எடுப்பது ஆபத்து. தேர் நிற்க நேரமெடுக்கும். மூலத்தானத்தையும் சுவாமியையும் அருகில் எடுக்க ஆலயத்தாரின் அனுமதி வேண்டும். அருள் வந்து ஆடுபவரின் முகத்துக்கு நேரே கமராவை நீட்டாமல் இருப்பது பண்பு.

இரண்டாம் சுற்று: நீர்க்கரையும் குன்றும்

ஸ்டாலின்கிராட் நிலையத்துக்கு எதிரே நிற்கும் வட்டக் கட்டடம் ரொதோந்து. புரட்சிக்கு முன்பு, 1780களில், கட்டடக் கலைஞர் லெது பாரிசுக்கு வரி வசூலிக்கக் கட்டிய சாவடி. அதன் பின்னே விரியும் நீர்நிலை 1808இல் நீர் நிரப்பப்பட்ட பஸ்ஸன் து லா வில்லெத். ஏறக்குறைய 700 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம்.

இந்த நீர்நிலை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீள்வதால் ஆண்டில் இரண்டு பருவங்களில் சூரியனும் நீரும் ஒரே கோட்டில் வரும்:

1. ஜூனில் அதிகாலை ரொதோந்து பக்கக் கரையில் நின்று வடகிழக்கே பார்த்தால் நீர்நிலையின் மறுமுனையை ஒட்டிச் சூரியன் எழும். காலை 5.30க்கே கரையில் இருக்க வேண்டும்.
2. டிசம்பர், ஜனவரி மாலைகளில் ரூ து கிரிமே பாலத்தில் நின்று தென்மேற்கே பார்த்தால் ரொதோந்து பக்கமாகச் சூரியன் இறங்கும். 1885ஐச் சேர்ந்த இந்தப் பாலம் நீரழுத்தத்தால் மேலே தூக்கப்படுவது. படகு வரும்போது பாலம் எழும்புவதையும் எடுக்கலாம்.
3. காற்றில்லாத வேளையில் கமராவை நீர்மட்டத்துக்கு அருகே இறக்கினால் பிரதிபலிப்பு முழுமையாகும். அடிவானக் கோடு சாயாமல் இருக்கக் கமராவில் கட்டக் கோடுகளைக் காட்டச் செய்ய வேண்டும்.
4. மறைவுக்குப் பின் முக்காலியை வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 4 முதல் 10 நொடி. பொத்தானை அழுத்தும் அதிர்வு வராமலிருக்க 2 நொடித் தாமதம் வைக்கலாம்.

இங்கிருந்து தெற்கே போனால் 1825இல் திறக்கப்பட்ட கனால் சென்-மார்த்தன். வளைந்த இரும்பு நடைபாலங்களும் மதகுகளும் இதன் அழகு. இலை உதிரும் காலத்தில் மேக நாளின் காலை மிகப் பொருத்தம். மதகில் படகு இறங்கும் சில நிமிடங்களில் மேலேயுள்ள பாலத்திலிருந்து நீர்மட்டம் மாறுவதை வரிசைப் படங்களாக எடுக்கலாம்.

ஸ்டாலின்கிராட்டிலிருந்து கிழக்கே நடந்தால் பியூத்-ஷோமோன் பூங்கா. ஜிப்சம் வெட்டியெடுத்த பழைய கற்குழியை மலையும் ஏரியுமாக மாற்றி 1867இல் திறந்தார்கள். ஏரி நடுவே பாறையின் உச்சியில் நிற்கும் சிறு மண்டபத்திலிருந்து மேற்கே மொன்மார்த்தர் குன்றும் சக்ரே-கேர் பேராலயமும் தெரியும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் அந்தக் குன்றின் பக்கமாகவே இறங்குவதால் அந்நாட்களில் பேராலயத்தை நிழலுருவாக எடுக்க முடியும். 100 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட லென்ஸ் வேண்டும். பூங்கா மூடும் நேரம் பருவத்துக்கேற்ப மாறும் என்பதை வாசல் பலகையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் சுற்று: ரயில் தூரம்

சென்-தெனி பேராலயம். கார் து நோரிலிருந்து புறநகர் ரயிலில் மிக அருகே உள்ளது. 13ஆம் எண் மெட்ரோவிலும் போகலாம். மடாதிபதி சுஜே 1140களில் எழுப்பிய இதன் கிழக்குப் பகுதியிலிருந்தே கோதிக் கட்டடக் கலை பிறந்ததாகக் கருதுகிறார்கள். பிரான்சின் பெரும்பாலான அரசர்கள் இங்கேதான் புதைக்கப்பட்டார்கள்.

1. வெயில் நாளின் காலையில் உள்ளே போக வேண்டும். கிழக்கு, தெற்குச் சன்னல்களின் நிறக் கண்ணாடி வழியே வரும் ஒளி தூண்களிலும் கல்லறைகளிலும் நிறமாகப் படியும்.
2. சன்னலை எடுக்கும்போது கண்ணாடியில் அளவெடுக்க வேண்டும். சுவர் கறுக்கட்டும்.
3. பிளாஷும் முக்காலியும் வேண்டாம். ஐஎஸ்ஓ 1600, 1/60 நொடி போதும்.
4. மேற்கு முகப்பில் பிற்பகலில் வெயில் படும். வடக்குக் கோபுரம் 19ஆம் நூற்றாண்டில் பிரித்து இறக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்பும் பணி காரணமாக முகப்பில் சாரம் நிற்கலாம். சாரத்தையும் வேலை செய்பவர்களையும் படத்தின் பொருளாக்கிக்கொள்வது நல்லது.

ஓவேர்-சூர்-உவாஸ். வான்கோ தம் கடைசி 70 நாட்களைக் கழித்து, 1890 ஜூலை 29 அன்று இறந்த ஊர். அவர் வரைந்தது தேவாலயத்தின் பின்புறம், அதாவது கிழக்குப் பக்கம். காலை வெயில் அங்கேதான் விழும். அதனால் கார் து நோரிலிருந்து முதல் ரயில்களிலேயே கிளம்பி, வழியில் வண்டி மாறி, நேரே தேவாலயத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து மேலே நடந்தால் அவரும் தம்பி தியோவும் அருகருகே அடங்கிய கல்லறைத் தோட்டம், அதையடுத்து வயல். கோதுமை பொன்னிறமாவது ஜூலையில். அறுவடைக்கு முன் போய்விட வேண்டும். வயலுக்குள் இறங்கினால் பயிர் மிதிபடும், வரப்புப் பாதையிலேயே நிற்க வேண்டும்.

ஷான்தியி கோட்டை. கார் து நோரிலிருந்து வட்டார ரயிலில் ஏறக்குறைய 25 நிமிடம், பிறகு நடை. நீரால் சூழப்பட்ட மாளிகை என்பதால் காற்றில்லாத காலையில் பிரதிபலிப்பு கிடைக்கும். ஓமால் கோமகன் 1886இல் இதைக் கலைச்சேகரிப்புடன் பிரான்சின் அறிஞர் கழகத்துக்கு அளித்தார். இலையுதிர் காலத்தில் நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே பனிமூட்டமும் குதிரைகளும் கிடைக்கும்.

மனிதரும் சட்டமும்

- பொது இடத்தில் படம் எடுக்கலாம். ஆனால் அடையாளம் தெரியும்படி ஒருவரைத் தனித்துக் காட்டும் படத்தை வெளியிட அவருடைய சம்மதம் தேவைப்படும். பிரான்சில் ஒருவரின் உருவத்தின்மீது அவருக்கே உரிமை உண்டு. பிள்ளைகளானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.
- தனி வீட்டிலோ மறைவிடத்திலோ இருப்பவரைச் சம்மதமின்றி எடுப்பது குற்றம்.
- அகதி நிலை, வேலை அனுமதி போன்ற காரணங்களால் படத்தில் வர அஞ்சுபவர்கள் இந்தத் தெருக்களில் உண்டு. வேண்டாம் என்று கை காட்டினால் காரணம் கேட்காமல் படத்தை அவர் முன்னிலையிலேயே அழித்துவிட வேண்டும்.
- 2016ஆம் ஆண்டின் சட்டம், பொதுவழியில் நிரந்தரமாக உள்ள கட்டடங்களையும் சிற்பங்களையும் தனிமனிதர்கள் எடுத்து வணிக நோக்கமின்றிப் பகிர அனுமதிக்கிறது. சுவரோவியங்கள் அதில் அடங்கவில்லை.
- பாரிசின் மேலே அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவது தடை செய்யப்பட்டது.

பாதுகாப்பு

1. தண்டவாளங்களுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் உள்ளது. தொடாமல் அருகே போனாலே பாயக்கூடியது. பாலத்து வேலிமீது ஏறுவது, தற்படக் கோலை வெளியே நீட்டுவது இரண்டும் உயிரைப் பறிக்கும்.
2. நடைமேடையில் மஞ்சள் அல்லது வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேயே நிற்க வேண்டும். ஓட்டுநரின் கண்ணில் பிளாஷ் அடிக்கக் கூடாது.
3. கார் து நோர், பர்பெஸ், ஸ்டாலின்கிராட் சுற்றில் கைபேசிப் பறிப்பும் பைத்திருட்டும் நடக்கின்றன. மெட்ரோக் கதவருகே கைபேசியைக் கையில் நீட்டி நிற்க வேண்டாம். பை முன்பக்கம், ஜிப் மூடியபடி. படம் பார்க்க வேண்டுமானால் சுவருக்கு முதுகு கொடுத்து நின்று பார்க்க வேண்டும்.
4. அதிகாலை, இரவு நடைகளுக்குத் துணையோடு போவதும், போகும் இடத்தை வீட்டில் சொல்லிவைப்பதும் அவசியம்.
5. யாராவது பறித்தால் போராட வேண்டாம். காவல்துறைக்கு 17, அவசர உதவிக்கு 112. கமராவின் தொடர் எண்ணை முன்பே குறித்து வைத்திருந்தால் புகார் கொடுக்கவும் காப்புறுதி கோரவும் உதவும்.
6. கால்வாய்க் கரைக் கற்கள் ஈரத்தில் வழுக்கும். கண்காட்டியில் கண்ணை வைத்தபடி பின்னால் நகரக் கூடாது.

அடிக்கடி நேரும் பிழைகள்

- *தூரத்திலிருந்தே எடுத்தல்.* கூச்சத்தால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று ஜூம் செய்தால் படத்தில் கூட்டம் மட்டுமே இருக்கும். அருகே போய், தலையசைத்து, கேட்டு எடுக்க வேண்டும்.
- *சாம்பல் வானத்தைப் பாதிப் படத்துக்கு விடுதல்.* வானில் ஒன்றுமில்லாத நாளில் அதை வெளியேற்ற வேண்டும்.
- *கைபேசியில் விரலால் இழுத்துப் பெரிதாக்குதல்.* தரம் சிதையும். காலால் நெருங்க வேண்டும்.
- *லென்ஸைத் துடைக்காமை.* சட்டைப் பையிலிருந்து வரும் கைபேசி லென்ஸில் எண்ணெய்ப் படலம் இருக்கும். இரவு விளக்குகள் கோடாக இழுபடுவது பெரும்பாலும் இதனால்தான்.
- *ஒரு காட்சிக்கு ஒரே படம்.* நெடுக்காக, கிடையாக, அருகே, தள்ளி என நான்கு வகையாவது எடுத்த பின்பே நகர வேண்டும்.
- *நடுவே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருத்தல்.* அந்த நேரத்தில்தான் எதிரே நல்ல காட்சி கடந்து போகும்.

வீடு திரும்பிய பின்

1. அன்றே படங்களைக் கணினிக்கு மாற்றி, ஆண்டு–மாதம்–நாள்–இடம் என்ற பெயரில் கோப்புறை போட வேண்டும். இன்னொரு வன்தட்டில் பிரதி வைத்த பின்பே நினைவக அட்டையை அழிக்க வேண்டும்.
2. அன்றைக்கே தேர்வு செய்ய வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எடுத்தபோது பட்ட பாடு மறந்து, படத்தின் தரம் மட்டும் தெரியும். நூற்றுக்குப் பத்தை வைத்துக்கொள்வது நல்ல அளவு.
3. திருத்தத்தில் வரிசை: சாய்வை நேராக்குதல், ஓரங்களை வெட்டுதல், வெளிச்சம், நிறம். தோலின் நிறத்தை வெளுப்பாக்கும் தானியங்கி வடிகட்டிகளைத் தவிர்க்க வேண்டும்.
4. ஒவ்வொரு படத்துக்கும் இடம், நாள், நேரம், வெயில் வந்த திசை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கடைப் பலகை, தெரு, திருவிழாப் படங்களுக்கு இது இரட்டிப்புத் தேவை. கடைகள் கைமாறும், பலகைகள் மாறும். பெயரும் நாளும் உள்ள படமே பின்னாளில் ஆவணமாக நிற்கும்.
5. படம் தருவதாகச் சொன்னவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். அடுத்த முறை அதே தெருவில் கமராவை எடுக்கும்போது கிடைக்கும் வரவேற்பு அதைப் பொறுத்தது.
6. குறிப்புகளைப் பார்த்து அடுத்த நடையின் மணியையும் இடத்தையும் முடிவு செய்ய வேண்டும். ஒரே தெருவை நான்கு பருவங்களிலும் எடுத்தவருக்கே எந்த வெளிச்சம் எந்தச் சுவருக்கு எப்போது வரும் என்பது பழக்கமாகும்.